காடு எந்தப் பக்கம்? அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம்.

நீங்கள் எழுதும் பக்கங்களை வகுப்பறையில் நின்று சொல்லிக் கொடுக்கிற ஆசிரியை நான். இந்த மடல் ஒரே ஒரு பக்கத்தைப் பற்றியது. இயற்கை வளங்கள் பாடத்தில் இரண்டு பத்தி போட்டு ஓர் அட்டவணை வரும். இடப்பக்கம் ‘புதுப்பிக்கக்கூடிய வளங்கள்’, வலப்பக்கம் ‘புதுப்பிக்க இயலாத வளங்கள்’. சூரிய ஒளி, காற்று, நீர், காடு, மீன், மண் எல்லாம் இடப்பக்கம். நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு, உலோகங்கள் எல்லாம் வலப்பக்கம். நான் பார்த்த பாடநூல்களில் பெரும்பாலும் இந்த அட்டவணை இப்படித்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வில் இதை நிரப்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாணவி ‘காடு’ என்பதை இரண்டு பத்தியிலும் எழுதியிருந்தாள். இரண்டையும் இணைத்துப் பென்சிலால் ஒரு கோடு. கோட்டின் மேல் சின்ன எழுத்தில், ‘வெட்டும் வேகத்தைப் பொறுத்து’. விடைக்குறிப்பில் காடு இடப்பக்கம் மட்டும்தான் இருந்தது. வலப்பக்கத்துக் காட்டைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அரை மதிப்பெண் குறைத்தேன். விடைத்தாள் கொடுத்த அன்று அவள் மேசைக்கு வந்து கேட்டாள்: “டீச்சர், வளர்றதவிட வேகமா வெட்டினா அது எப்படிப் புதுப்பிக்கிறதுல சேரும்?” விடைக்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் ‘சரி டீச்சர்’ என்று போய்விட்டாள். எனக்குத்தான் அந்தக் கேள்வி போகவில்லை. யோசிக்க யோசிக்க அவள் எழுதியதுதான் சரி என்று தெரிந்தது. விடைக்குறிப்பும் தவறு, அதை நம்பிய நானும் தவறு.

பாடநூல் சொல்லும் விளக்கம் என்ன? ‘இயற்கையில் மீண்டும் மீண்டும் உருவாகக்கூடியவை புதுப்பிக்கக்கூடிய வளங்கள்.’ இதைக் கறாராகப் பிடித்துக்கொண்டால் நிலக்கரியும் இடப்பக்கம் வர வேண்டும். இன்று எரிக்கும் நிலக்கரியில் கணிசமான பங்கு, ஏறக்குறைய 36 கோடி ஆண்டுகளுக்கும் 30 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் சதுப்பு நிலங்களில் விழுந்து புதைந்த செடிகொடிகளிலிருந்து வந்தது. அந்த வேலை அன்றோடு நின்றுவிடவில்லை. இன்றும் சதுப்பு நிலங்களில் செடிகள் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிகின்றன. நிலக்கரியின் முதல் படி அதுதான். கடலடியிலும் நுண்ணுயிர்கள் செத்து, வண்டலோடு புதைந்து, என்றோ ஒரு நாள் எண்ணெயாக மாறும் பாதையில் இருக்கின்றன. ஆக, அவையும் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. பின் ஏன் வலப்பக்கம் போட்டோம்? கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்ததைச் சில நூற்றாண்டுகளில் தோண்டித் தீர்க்கிறோம் என்பதால். நிலக்கரிக்குத் தீர்ப்பு எழுதியது வேகம்தான். அதே வேகத்தை மீனுக்கும் காட்டுக்கும் தண்ணீருக்கும் வரும்போது பாடநூல் மறந்துவிடுகிறது. என் மனக்குறை இவ்வளவுதான்.

ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு குழாய் நிரப்புகிறது, கீழே ஒரு குழாய் வெளியே விடுகிறது. தொட்டி வற்றுமா, வற்றாதா என்று கேட்டால், தொட்டி எதனால் செய்தது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டு குழாய்களின் வேகத்தையும், தொட்டியில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். புதுப்பிக்கக்கூடியது என்ற சொல்லும் அந்த மூன்றையும் பற்றியதுதான். பொருளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்ல முடியாது.

சூரிய ஒளியை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து நிம்மதியாக விலக்கி வைக்கலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பூமியின் மேல் விழும் சூரிய ஆற்றல், மனிதர் எல்லோரும் சேர்ந்து ஓராண்டு முழுக்கப் பயன்படுத்தும் ஆற்றலுக்குக் கிட்டத்தட்ட சமம். சூரியனுக்கு இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு ஆயுள் இருக்கிறது. நாம் ஒரு சோலார் தகடு வைத்துப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நாளைய வெயிலில் ஒரு துளி குறையாது. காற்றும் ஏறக்குறைய அப்படித்தான். இவை ஓடிக்கொண்டே இருக்கும் வளங்கள். நம் கை பட்டு ஊற்று வற்றாது. (அந்தத் தகட்டைச் செய்யும் வெள்ளியும் செம்பும் அப்படியல்ல. அதையும் ஒரு வரியில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.) ஆனால் மீனும் காடும் வேறு ரகம். அங்கே நாம் எடுக்கும் பொருளேதான் அடுத்த ஆண்டுக்கு வளத்தைப் பெற்றுத் தரும் தாயும். எடுத்துவிட்டால் பெற்றுத் தர ஆள் குறைகிறது. சூரியனையும் மீனையும் ஒரே பத்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கிறோமே, பிள்ளைகள் இரண்டும் ஒன்று என்றுதானே நினைப்பார்கள்?

அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு நான் வகுப்பில் ஒரு கணக்கு போட ஆரம்பித்தேன். பாடநூலில் அதற்கு இடம் கேட்டுத்தான் முக்கியமாக இந்த மடல். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரும்பலகையில் ஓர் ஏரி வரைகிறேன். அதில் அதிகபட்சம் 1000 மீன் வாழ முடியும். இப்போது 500 இருக்கின்றன. ஓராண்டில் எத்தனை புதிதாகச் சேரும் என்பதற்கு ஒரு விதி: இருக்கும் மீனில் ஐந்தில் ஒரு பங்கு எடு, அதை ஏரியில் காலியாக இருக்கும் இடத்தின் விகிதத்தால் பெருக்கு. 500 மீன் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு 100, பாதி ஏரி காலி, ஆகவே 50 மீன் சேரும். ஏரி நிரம்பி 1000 ஆகிவிட்டால் ஒன்றும் சேராது, இடமில்லை. வெறும் 10 மீன்தான் என்றாலும் ஏறத்தாழ 2 தான் சேரும், பெற்றுத் தர ஆள் இல்லை. நடுவில் இருக்கும்போதுதான் விளைச்சல் அதிகம். இந்த வடிவத்தை 1838இலேயே பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் எழுதிவைத்துவிட்டார். கணக்கு என்னவோ பெருக்கலும் கழித்தலும்தான், நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் போடக்கூடியது.

சரி, ஆண்டுக்கு 50 மீன் பிடித்தால்? 50 சேர்கிறது, 50 போகிறது, ஏரி அப்படியே நிற்கிறது. இனி ஆண்டுக்கு 60 பிடிக்கலாம் என்று சொல்லி, ஓர் ஆண்டுக்கு ஒரு வரியாக நோட்டில் போடச் சொல்வேன். பத்து மீன்தானே அதிகம்! முதல் ஆண்டு முடிவில் 490. இரண்டாம் ஆண்டு 480. பத்தாம் ஆண்டில் 394. பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள், ‘மெதுவாத்தானே டீச்சர் குறையுது’ என்பார்கள். இருபதாம் ஆண்டில் 232. அதற்கப்புறம் வகுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அமைதியாகும். இருபத்து நான்காம் ஆண்டில் 116, இருபத்தைந்தில் 76, இருபத்தாறில் 31. இருபத்தேழாம் ஆண்டு 60 மீன் பிடிக்க ஏரியில் மீனே இல்லை. முதல் பத்து ஆண்டில் குறைந்தது 106 மீன். கடைசி மூன்றே ஆண்டில் மிச்சமிருந்த அத்தனையும் போய்விடுகிறது. ஒரு முறை, கடைசி வரியைப் போட்ட ஒரு பையன் நோட்டை மூடாமல் அப்படியே பின்னோக்கி விரலை நகர்த்திக்கொண்டே போனான். எந்த ஆண்டில் நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்கும் என்று தேடுகிறேன் என்றான்.

அதோடு விடுவதில்லை. 50 மீன் பாதுகாப்பா என்று அடுத்துக் கேட்பேன். ஒரே ஒரு மோசமான ஆண்டு வந்து 100 மீன் செத்துவிட்டது, ஏரியில் 400 தான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆண்டுக்கு 48 தான் சேரும். நாம் விடாமல் 50 பிடித்தால் ஏரி சுமார் 40 ஆண்டில் காலி. அதே இடத்தில் 40 மீனோடு நிறுத்திக்கொண்டால், 400இலிருந்தும் ஏரி தானாக ஏறி 720ஐத் தாண்டி நிலைத்துவிடும். 40, 50, 60. மூன்றும் அதே ஏரி, அதே மீன். ஒன்றில் என்றென்றைக்கும் மீன் உண்டு, ஒன்றில் கத்தியின் மேல் நடை, ஒன்றில் அழிவு. அட்டவணையில் ‘மீன்: புதுப்பிக்கக்கூடியது’ என்று எழுதினோமே, எந்த ஏரியை நினைத்து எழுதினோம்?

இது வெறும் கரும்பலகைக் கணக்கு இல்லை என்பதற்கு நியூஃபவுண்ட்லாந்துக் கடல் இருக்கிறது. கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள அந்தக் கடலில் ஐரோப்பியரும் கரையோர மக்களும் ஐந்நூறு ஆண்டுகளாகக் காட் மீன் பிடித்தார்கள். பாய்மரப் படகும் தூண்டிலும் இருந்தவரை மீன் ஈடுகொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெரிய இழுவலைக் கப்பல்கள் வந்தன. 1968இல் மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கும் மேல் பிடித்தார்கள். 1992 ஜூலையில் கனடா அரசு வடக்குக் காட் மீன்பிடிப்பை நிறுத்தியபோது, முன்பிருந்த மீனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டு ஓய்வு கொடுத்தால் மீண்டு வரும் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். அந்தத் தடை 2024 வரை, 32 ஆண்டுகள் நீடித்தது. 2024இல் திறந்தபோதும் அனுமதித்த அளவு வெறும் 18,000 டன். ஓர் அளவுக்குக் கீழே போய்விட்ட உயிரினம், நாம் கையை எடுத்தாலும் பழைய நிலைக்கு எளிதில் வருவதில்லை. அதன் இரையும் குறைந்திருக்கும், இணை கிடைப்பதும் அரிதாகியிருக்கும். தொட்டிக் கணக்கு இங்கே போதாது. வற்றிய தொட்டியில் மேல் குழாயே அடைபட்டுப் போகிறது.

இன்னோர் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது. பாடநூலில் ஒரு பக்கம் முழுக்க இதற்கே தரலாம். பெரு நாட்டுக் கரைக்குச் சற்று அப்பால் சின்சா என்ற சிறு தீவுகள் இருக்கின்றன. அங்கே மழை கிடையாது என்றே சொல்லலாம். குளிர்ந்த கடல் நீரோட்டத்தில் நெத்திலி இனத்து மீன் மண்டிக் கிடக்கும். அதைத் தின்ன நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் பிற கடற்பறவைகளும் கோடிக்கணக்கில் வந்து தீவில் தங்கும். அவற்றின் எச்சம் மழையில் கரையாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து, சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேலான குன்றாக நின்றது. குவானோ என்று அதற்குப் பெயர். நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைந்த அருமையான உரம். 1840களிலிருந்து ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதற்காகப் போட்டி போட்டன. கப்பல்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்த தொழிலாளர்கள் அந்தத் தூசியில் மண்வெட்டியோடு பட்ட பாடு சொல்லி மாளாது. நாற்பது ஆண்டில் ஒரு கோடி டன்னுக்கும் மேல் ஏற்றுமதி ஆகி, 1870களில் சின்சா தீவுகளில் வெறும் பாறை தெரிந்தது. ஆக, குவானோ சுரங்கப் பொருள், புதுப்பிக்க இயலாதது. வலப்பக்கம் போட்டுவிடலாமா?

பொறுங்கள். 1909இல் பெரு அரசு ஒரு நிறுவனத்தை உருவாக்கி, தீவுகளைப் பறவைகளுக்கே விட்டுவிட்டது. ஆள் நடமாட்டத்தைத் தடுத்துக் காவல் போட்டார்கள். குஞ்சு பொரித்து முடியும்வரை கை வைக்கவில்லை. ஒரு தீவில் அள்ளினால் அதைச் சில காலம் ஆற விட்டு, வேறு தீவுக்குப் போனார்கள். கரையோர முனைகளில் சுவர் எழுப்பி, நரி போன்றவை வராமல் பார்த்துக்கொண்டார்கள். பறவைகள் பெருகின, உரமும் ஆண்டுதோறும் கிடைத்தது. அதே பறவை, அதே எச்சம், அதே பாறை. இப்போது அது விளைச்சல். இடப்பக்கத்துக்கு வந்துவிட்டது. மாறியதெல்லாம் அள்ளிய வேகமும் காத்த பொறுமையும்தான்.

கதை இன்னும் முடியவில்லை. 1950களில் அதே கடலில் நெத்திலியைப் பிடித்து அரைத்து மீன்மாவாக்கும் தொழில் கிளம்பியது. 1970 வாக்கில் ஆண்டுக்கு 1.2 கோடி டன் அளவுக்குப் பிடித்தார்கள், அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய ஒற்றை மீன்வளம் அதுதான். 1972இல் எல் நினோ வந்து கடல் சூடானதும், ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிப் பிடிபட்டிருந்த நெத்திலி சரிந்தது. இரை போனதால் கோடிக்கணக்கில் இருந்த பறவைகள் சில பத்து லட்சங்களாயின. தீவில் காவல் இருந்தது, சுவர் இருந்தது, ஒழுங்கு இருந்தது. ஆனால் வேர் கடலில் இருந்தது. ஒரு வளத்தைப் புதுப்பிக்கிற வேலை அந்த வளத்துக்குள்ளேயே நடப்பதில்லை, எங்கோ தள்ளி வேறு ஒன்று அதைச் செய்துகொடுக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். அட்டவணையில் ‘நீர்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். காற்றில் ஆவியாக இருக்கும் தண்ணீர் சராசரியாக 9 நாளில் மழையாகிவிடும். நிலத்தின் ஆழத்தில் இருக்கும் தண்ணீர் அங்கேயே பத்தாயிரம் ஆண்டுகூடக் கிடக்கும். இரண்டுக்கும் பெயர் நீர். எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நான்கு நாடுகளின் அடியில் பரந்து கிடக்கிறது நூபிய மணற்கல் நீர்ப்படுகை. சகாரா பசுமையாக இருந்த பழங்காலங்களில் பெய்த மழை அது. இப்போது மேலே பாலைவனம், ஊறி இறங்க மழையே இல்லை. லிபியா 1991 முதல் ராட்சதக் குழாய்களில் அதை எடுத்து நகரங்களுக்குக் கொண்டுபோகிறது. எடுக்கும் தண்ணீருக்கு ஈடு வராது. பெயரைப் பார்த்தால் இடப்பக்கம், கணக்கைப் பார்த்தால் நிலக்கரியின் பக்கத்து இருக்கை.

அமெரிக்காவின் நடுவில் எட்டு மாநிலங்களின் அடியில் ஓகல்லாலா நீர்ப்படுகை என்று ஒன்று. வடக்கே நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில் மழை மணலில் சுலபமாக இறங்கும், அங்கே நீர்மட்டம் பெரிதாகக் குறையவில்லை. தெற்கே டெக்சாஸிலும் கான்சஸின் மேற்கிலும் மழையும் குறைவு, ஊறுவதும் மிகக் குறைவு, பாசனத்துக்கு எடுப்பதோ மிக அதிகம். அங்கே சில இடங்களில் நீர்மட்டம் 30 மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது. ஒரே நீர்ப்படுகை, வடக்கு முனை இடப்பக்கம், தெற்கு முனை வலப்பக்கம். என் மாணவி பென்சிலால் போட்ட கோடு இங்கே நிலத்தடியில் ஓடுகிறது.

மண்ணைப் பற்றியும் சதுப்பு நிலக் கரியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டு பிடிக்கும், அடித்துக்கொண்டு போக ஒரு பெருமழை போதும். பீட் எனப்படும் சதுப்புக் கரி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் படியும். வகுப்பில் ஒரு மீட்டர் அளவுகோலை நிமிர்த்திப் பிடித்து, இதன் உயரம் படிய ஆயிரம் ஆண்டு என்று சொல்வேன். அடியில் கை வைத்து, இங்கே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பாசி இருக்கிறது என்றால் பிள்ளைகள் அளவுகோலையே வேறு மாதிரிப் பார்ப்பார்கள். பீட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் பெரியவர்களுக்கே கருத்து வேறுபாடு உண்டு. ‘மெதுவாகப் புதுப்பிக்கப்படும் எரிபொருள்’ என்று சிலர் அதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். இரண்டு பத்தி போதவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

புவிவெப்பத்தைக்கூட அட்டவணையில் கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் போடுகிறோம். பூமியின் சூடு தீராது, உண்மை. ஆனால் அந்தச் சூட்டை மேலே கொண்டுவரும் நீராவி தீரும். கலிஃபோர்னியாவின் கெய்சர்ஸ் என்ற இடத்தில் 1960 முதல் நீராவியால் மின்சாரம் எடுக்கிறார்கள். கிணறுகளைக் கூட்டிக்கொண்டே போனதில் 1980களின் இறுதியில் அழுத்தம் சரிந்து, மின்சாரமும் குறைந்தது. 1997இலிருந்து பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் வழியே கொண்டுவந்து பாறைக்குள் செலுத்துகிறார்கள். சரிவு மட்டுப்பட்டது. வெப்பம் பாறையுடையது, அதைப் புதுப்பிக்கக்கூடியதாக வைத்திருப்பது குழாயில் வரும் தண்ணீர்.

இவ்வளவும் புதுக் கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவில்லை. 1713இலேயே ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபோன் கார்லோவிட்ஸ், வெள்ளி உருக்கும் உலைகளுக்கு விறகு வெட்டி வெட்டிக் காடு தீர்வதைப் பார்த்து, வளர்கிற அளவுக்கு மட்டுமே வெட்ட வேண்டும் என்று எழுதினார். பொருளியல் அறிஞர் ஹெர்மன் டேலி 1990இல் இதையே ஒரு விதியாக வைத்தார்: எடுக்கும் வேகம் வளரும் வேகத்தை மிஞ்சக் கூடாது. விதைநெல்லைத் தின்றுவிட்டு அடுத்த போகத்தை எதிர்பார்க்க முடியாது என்று நம் பேச்சிலேயே இருக்கிறதே, அதுதான் இது.

ஆனால் விதி தெரிந்திருந்தும் ஏன் மீறுகிறார்கள் என்று வகுப்பில் கட்டாயம் ஒரு கை எழும். மெதுவாக வளரும் வளத்துக்குப் பேராபத்து அதன் வளர்ச்சி வேகத்திலேயே இருக்கிறது. நீலத்திமிங்கிலம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். அதன் கூட்டம் ஆண்டுக்குச் சில சதவீதம்தான் பெருகும். அத்தனையையும் இன்றே வேட்டையாடி விற்று, பணத்தை வங்கியில் போட்டால் அதைவிட அதிக வட்டி வரும் என்றால், லாபத்தை மட்டும் பார்க்கிறவருக்குத் திமிங்கிலத்தை விட்டுவைக்கக் காரணமே இல்லை. கனடாவின் கணித அறிஞர் காலின் கிளார்க் 1973இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். அதாவது கடலை ஒருவர் கையில் கொடுத்து ‘உன் சொத்து, பார்த்துக்கொள்’ என்றாலும் அது தப்பிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தடுக்க வேலி வேண்டும், உடன்பாடு வேண்டும். வணிகத் திமிங்கில வேட்டைக்கு 1986இல் நடைமுறைக்கு வந்த உலகளாவிய தடை அப்படி ஒரு வேலி. புதுப்பிக்கக்கூடிய வளம் என்பதில் மனிதர் போட்டுக்கொள்ளும் விதிகளுக்கும் பங்கு உண்டு என்று பாடநூல் ஒரு பத்தியிலாவது சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் மறுசுழற்சி. அலுமினியத்தை உருக்கி உருக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 95 சதவீதம் மிச்சம். அதற்காக அலுமினியத் தாது நிலத்தில் திரும்ப வளர்கிறது என்று ஆகாது. மறுசுழற்சி நாம் செய்யும் வேலை, புதுப்பித்தல் இயற்கை செய்யும் வேலை. தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதுகிற விடைத்தாள்கள் ஆண்டுதோறும் வருகின்றன. அதேபோல் புதுப்பிக்கக்கூடியது என்றால் கெடுதல் இல்லாதது என்று பொருளில்லை. விறகு புதுப்பிக்கக்கூடியதாக இருக்கலாம், அடுப்படியில் அதன் புகையை மூச்சில் இழுப்பவருக்கு அதனால் ஆறுதல் இல்லை.

இனி, நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அட்டவணையை எடுத்துவிடச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் ஒரு பிடிமானம் வேண்டும். அடுத்த பதிப்பில் மூன்றாவதாக ஒரு பத்தி சேருங்கள், ‘திரும்பி வர எவ்வளவு காலம்?’ என்ற தலைப்போடு. சூரிய ஒளிக்கு நேரே ‘நாளை காலை’ என்று வரட்டும், நெத்திலிக்குச் சில ஆண்டுகள், காட்டுக்குப் பல பத்தாண்டுகள், மண்ணுக்கு நூற்றாண்டுகள், பீட்டுக்கு ஆயிரம் ஆண்டுகள், நிலக்கரிக்குக் கோடி ஆண்டுகள். அந்த ஒரே பத்தியில் பாதிப் பாடம் முடிந்துவிடும். ‘நீர்’ என்ற ஒற்றைச் சொல்லை மழைநீர், ஆற்றுநீர், மேல்மட்ட நிலத்தடி நீர், ஆழ்நிலை நீர் என்று பிரியுங்கள். ஏரிக் கணக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாடநூலில் இடமில்லை என்றால் ஆசிரியர் கையேட்டிலாவது வையுங்கள். விளக்கத்தில் ‘நாம் எடுக்கும் வேகத்துக்கு ஈடுகொடுத்து’ என்ற நான்கு சொற்களைச் சேருங்கள். ‘நாம் எடுக்கும் வேகத்துக்கு ஈடுகொடுத்து இயற்கையில் மீண்டும் உருவாகக்கூடியவை.’ இடம் நெருக்கடி என்று உங்கள் பக்க வடிவமைப்பாளர்கூடச் சொல்ல மாட்டார்.

கடைசியாக விடைக்குறிப்பு. பாடநூல் எழுதுகிறவர்கள் ஒரு குழு, விடைக்குறிப்பு தயாரிப்பவர்கள் வேறு குழு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் உங்கள் அட்டவணையைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். அதனால் அட்டவணைக்குக் கீழே உங்கள் கையால் ஒரு குறிப்பு போடுங்கள், இப்படி: ‘காடு, மீன், நீர், மண் ஆகியவற்றை மாணவர் இரண்டு பத்தியிலும் எழுதி, காரணமும் தந்திருந்தால் முழு மதிப்பெண் வழங்குக.’

அந்த மாணவி இப்போது எங்கள் பள்ளியில் இல்லை, மேல்படிப்புக்குப் போய்விட்டாள். அவளுடைய அரை மதிப்பெண்ணை நான் திருப்பித் தர வழியில்லை. இந்த ஆண்டு என் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். அடுத்த மாதம் அவர்களுக்கு இதே பாடம்.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை